போய் வந்தவர்களுக்கு ஒரு பிடி

முன்னொரு காலத்தில், அதற்கும் முன்னால் இருந்த காலம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு காலத்தில், சொற்களுக்குப் பயந்த அரசர் ஒருவர் இருந்தார். பெயர் தேவசிகாமணி. புலிக்குப் பயப்படமாட்டார். போருக்குப் பயப்படமாட்டார். யாராவது “இல்லை” என்று சொன்னால் மட்டும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்வார்.

நம் வீடுகளில் இன்றும் உண்டு அல்லவா? அரிசி தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம், “நிறைஞ்சிருக்கு” என்போம். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம், “போயிட்டு வரேன்” என்போம். அடுக்களைக்குள் இருந்த இந்த வழக்கத்தை அரசர் நாட்டுக்கே சட்டமாக்கினார். இல்லை, போ, பசி, சாவு, பேய் ஆகிய சொற்களை இனி எவரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் தெற்கு வாசல். முரசு அறைந்தவன் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. விலக்கப்பட்ட சொற்களைச் சொல்லாமலே அவற்றை விலக்க வேண்டும். பாவம், தெருத்தெருவாக வயிற்றைத் தடவியும் நாக்கைத் தொங்கவிட்டும் அபிநயம் பிடித்துக் காட்டினான். மக்கள் எப்படியோ புரிந்துகொண்டார்கள்.

தெற்கு வாசல் வழியாக அனுப்பப்பட்ட யாரும் உயிரோடு திரும்பியதில்லை. ஆனால் அவர்களை அனுப்பும்போதுகூட அரசர் “போய் வா” என்றுதான் சொல்வார். அவ்வளவு மங்கலமானவர்.

அந்த ஆண்டு ஐப்பசியில் பெருமழை பெய்து தாழையேந்தல் என்ற ஊரின் கண்மாய் உடைந்தது. ஊர் மூழ்கியது. தப்பியவர்கள் நடந்தே தலைநகருக்கு வந்து, ஒரு நண்பகலில் அரண்மனை வாசலில் நின்றார்கள். அரசர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன சேதி?” என்று கேட்டார்.

கீழே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டிய சொல் ஒன்றுகூட அவர்களிடம் விட்டுவைக்கப்படவில்லை. கடைசியில் காத்தாயி என்ற பெண் முன்னால் வந்து சொன்னாள்.

“எங்க ஊரு நிறைஞ்சிருக்கு, மகாராசா. வீடெல்லாம் நிறைஞ்சிருக்கு. அடுப்பு, பானை, நெல்லுக் குதிரு, எல்லாமே நிறைஞ்சிருக்கு.”

அரசரின் முகம் மலர்ந்தது. “மிக்க மகிழ்ச்சி! போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார்.

அவர்கள் போனார்கள். வழியில் பாதிப் பேர் விழுந்தார்கள், பிறகு எழவில்லை. மிஞ்சியவர்கள் கிழக்குக் கோட்டைக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் ஒண்டிக்கொண்டார்கள்.

தை பிறந்தபோது அது தொடங்கியது.

ஒரு நண்பகலில் அரசரின் பொன் தட்டில் சோறு பரிமாறப்பட்டது. அவர் கை வைப்பதற்கு முன்பே சோற்றில் ஒரு பள்ளம் விழுந்தது. சத்தம் கிடையாது. யாரோ மெதுவாக அள்ளியதுபோல் ஒரு பிடி குறைந்து, ஐந்து விரல்களின் தடம் மட்டும் ஆவி பறக்கும் சோற்றில் பதிந்திருந்தது. மறுநாள் அரசியின் தட்டில். அடுத்து தளபதியின் தட்டில். பிறகு ஊரில் பெரிய வீடு, சின்ன வீடு எல்லாவற்றிலும். வாசலில் வெயில் கொளுத்தும்போது, தெருப் புழுதியில் ஈரக் காலடிகள் வரிசையாக வரும். படியேறும். சாப்பாட்டுப் பலகை வரை வந்து நிற்கும். அவை காய்ந்து மறைவதை ஊரே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சில தடங்கள் மிகச் சிறியவை.

அரசர் மந்திரவாதியை அழைத்தார். வந்தவர் என்ன என்று சொல்வதற்குச் சொல் கிடைக்காமல் வியர்த்து வழிந்து, “பிரபு, அரண்மனைக்கு… விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு, தட்சிணைகூட வாங்காமல் ஓடிவிட்டார்.

அந்த அவையில் சொக்கட்டான் என்று ஒரு விகடகவி இருந்தான். புளியந்தோப்புக்குப் போய்க் காத்தாயியிடம் நடந்ததைக் கேட்டறிந்தவன் அவன் ஒருவன்தான். அவனைக் கண்டால் ஆகாதவரும் ஒருவர் இருந்தார். களஞ்சிய அதிகாரி அனந்தகீர்த்தி. தினமும் காலையில் அவர்தான் முதலில் எழுந்து, “களஞ்சியம் நிறைந்திருக்கிறது, பிரபு” என்பார். அரசர் புன்னகைப்பார். ஆனால் சொக்கட்டான் வாயைத் திறந்தால் அரசர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்த வித்தியாசத்தை அனந்தகீர்த்தியால் தாங்கவே முடியவில்லை.

“சொக்கட்டான், இந்த விருந்தாளிகள் யார்?” என்று அரசர் கேட்டார்.

“தங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள், பிரபு. போய் வாருங்கள் என்றீர்கள். போனார்கள். இப்போது வருகிறார்கள்.”

அரசரின் கை தானாகவே கிரீடத்தைப் பிடித்துக்கொண்டது.

“எப்போது நிறுத்துவார்கள்?”

“சாப்பிட்டவர் போதும் என்று சொன்னால் நிறுத்திவிடுவார், பிரபு. வேறு எந்தத் தானத்திலும் வாங்குபவர் போதும் என்று சொல்லமாட்டார். சோற்றில் மட்டும்தான் சொல்வார்.”

“அப்படியானால் அவர்களைப் போதும் என்று சொல்ல வை! நான் என் காதால் கேட்க வேண்டும். ஆடி அமாவாசை உச்சிப் பொழுதுக்குள்!”

அனந்தகீர்த்தி சட்டென்று எழுந்தார். “அற்புதமான ஆணை, பிரபு. ஆனால் அரசுக் களஞ்சியம் போர்க்காலத்துக்கு உரியது. அதிலிருந்து ஒரு மணிகூட எடுக்கலாகாது. அரசவையில் இருப்பவன் வீடு வீடாக யாசிப்பதும் தங்கள் பெருமைக்கு இழுக்கு. யாரிடமும் கேட்கக் கூடாது. இவ்வளவு அறிவுள்ள சொக்கட்டானுக்கு இது பெரிய காரியமா என்ன? முடியாவிட்டால், தெற்கு வாசல் இருக்கவே இருக்கிறது.”

அரசர் தலையாட்டினார். பயந்தவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

மறுநாள் சொக்கட்டான் தலையில் ஒரு மண்பானையைச் சுமந்துகொண்டு முதல் தெருவின் முதல் வீட்டு வாசலில் போய் நின்றான். முத்துப்பேச்சி என்ற பெண் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, வெயில்ல பானையும் கையுமா?”

“ஒண்ணுமில்ல—” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். “பானை நிறைஞ்சிருக்கு தாயி. அதைச் சொல்லிட்டுப் போயிட்டு வரலாம்னு வந்தேன்.”

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். பானையின் அடி தெரிந்தது. “ஐயோ, நல்லாத்தான் நிறைஞ்சிருக்கு!” என்று ஒரு பிடி அரிசியை அள்ளிப் போட்டாள். “இது யாருக்கு?”

“உங்க வீட்டுச் சோத்துல கை வைக்கிறாங்களே, அவங்களுக்கு.”

அவள் திரும்பித் தன் வீட்டு நடையைப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த ஒரு காலடி அங்கே இருந்தது. இன்னொரு பிடி போட்டாள்.

அன்று நண்பகலில் அவள் வீட்டுச் சோற்றில் விரல் தடம் விழவில்லை. செய்தி தெரு தாண்டி ஓடியது. மறுநாள் முதல் ஊரில் எல்லா அடுப்பின் பக்கத்திலும் ஒரு சின்னக் கலயம் முளைத்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. புளியந்தோப்பில் காத்தாயி அடுப்பு மூட்டினாள். தாழையேந்தல்காரர்கள் பல மாதத்துக்குப் பிறகு கொதிக்கும் கஞ்சியைப் பார்த்தார்கள்.

“ஏன்யா, பயத்துல போட்ட அரிசி வேகுமா?” என்று காத்தாயி கேட்டாள்.

“வேகும் தாயி. பயத்துல போட்டது வேகமாவே வேகும்.”

ஆனால் பயம் பழகிவிடும் சாமான். விரல் தடம் நின்ற வீடுகளில் பிடி சிறுத்தது. ஐந்து விரல் நான்காயிற்று, நான்கு மூன்றாயிற்று. பயந்து கொடுப்பவன் சீக்கிரம் களைத்துவிடுவான், விளையாடுகிறவன் களைக்கமாட்டான் என்று சொக்கட்டானுக்குத் தெரியும்.

பெண்கள் பல்லாங்குழி ஆடும் இடத்துக்குப் போய், “புளியங்கொட்டைய வச்சு எத்தனை காலம் ஆடுவீங்க? மொச்சைய வச்சு ஆடுங்க. ஜெயிச்சவங்க மொத்தத்தையும் தோப்புல கொண்டுபோய்க் கொட்டலாம்” என்றான். இரண்டாம் நாளே சண்டை வந்துவிட்டது. “என் வீட்டு மொச்சைய அவ கொண்டுபோய்க் கொட்டிப் பேரு வாங்கிட்டா! உக்காருடி, இன்னொரு ஆட்டம்!”

வெற்றிலைக் கடை வாசலில் ஒரு குடத்தை வைத்து, புளுகுக்கு ஒரு பிடி பயறு என்று விதி செய்தான். ஊரின் பெரிய புளுகன் மாயாண்டி அங்கேதான் பொழுதைக் கழிப்பான். முதல் நாள் குடத்தைச் சந்தேகமாகப் பார்த்து, “இன்னிக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லப்போறதா இல்—, ம்… உத்தேசமே நிறைஞ்சிருக்கு” என்றான்.

“அதுக்கு ரெண்டு பிடி!” என்றது கடை முழுவதும்.

ஒரு மாதத்தில் ஊரின் பெரிய தர்மவான் மாயாண்டிதான். அதைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டது அவ்வளவும் புளுகு. அதற்கும் பயறு விழுந்தது.

காய்கறிக்கு மட்டும் வழி தோன்றாமல் இருந்தது. அதற்குக் கோடையிடி பாகவதர் கிடைத்தார். அவர் குரலுக்குப் பயந்து கோயில் காளையே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். தெரு முனையில் அவரை உட்கார வைத்துப் பாடச் சொன்னான் சொக்கட்டான். பல்லவி முடியுமுன் ஒரு வீட்டிலிருந்து பூசணிக்காய் வந்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “சாமி, இந்தாங்க, அனுபல்லவி அடுத்த தெருவுல!” பாகவதருக்குப் பரம சந்தோஷம். தன் பாட்டுக்கு இவ்வளவு விளைச்சலா என்று கண்கலங்கினார்.

இப்படியே சித்திரை போய் வைகாசி வந்தது. புளியந்தோப்பில் தாழையேந்தல்காரர்கள் மட்டுமல்லாமல் வழிப்போக்கர், கண் தெரியாதவர், யாருமற்றவர் என்று பலரும் உட்கார்ந்தார்கள். ஒன்று மட்டும் காத்தாயியைத் துணுக்குறச் செய்தது. எத்தனை பேருக்கு எடுத்து வைத்தாலும் அதைவிட அதிக அகப்பைகள் பானையிலிருந்து குறைந்தன. காலியாகக் கிடந்த இடங்களிலும் ஒரு கவளம் வைத்துவிட்டுப் போனாள்.

அனந்தகீர்த்தியின் ஒற்றர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் அவர் அவையில் எழுந்து, “பிரபு, இவன் தங்கள் ஆணையை மீறி வீடு வீடாக யாசித்திருக்கிறான். சாட்சி இருக்கிறது” என்றார்.

முத்துப்பேச்சியை அழைத்து வந்தார்கள். “உன் வீட்டு வாசலில் இவன் என்ன கேட்டான்?” என்று அரசர் கேட்டார்.

“ஒண்ணும் கேக்கல மகாராசா. பானை நிறைஞ்சிருக்குன்னு சொன்னாரு.”

“பார்த்தீர்களா!” என்றார் அனந்தகீர்த்தி. “பானை காலி என்பதைத்தானே அப்படிச் சொல்கிறான்! நிறைந்திருக்கிறது என்றால் காலி என்று குழந்தைக்கும் தெரியும், பிரபு!”

சொக்கட்டான் தாழ்ந்து வணங்கினான். “அதிகாரி சொல்வது சரியாக இருக்கலாம், பிரபு. நான் கல்லாதவன். அவரே விளக்கட்டும். நிறைந்திருக்கிறது என்றால் நிறைந்திருக்கிறது என்று பொருளானால், நான் எதையும் யாசித்திருக்க முடியாது. காலி என்று பொருளானால், தினமும் காலையில் அவர் இதே அவையில் எழுந்து நின்று களஞ்சியத்தைப் பற்றி என்ன சொல்கிறார்?”

அவை முழுவதும் அனந்தகீர்த்தியின் பக்கம் திரும்பியது.

“நிறைந்திருக்கிறது என்றால்… நிறைந்திருக்கிறது என்றுதான் பொருள், பிரபு.”

“அப்படியானால் சொக்கட்டான் குற்றமற்றவன்” என்று அரசர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் எதையோ நினைத்துக்கொண்டவர்போல அனந்தகீர்த்தியைச் சற்று நேரம் பார்த்தார்.

ஆடி அமாவாசை வந்தது. காற்று அடிக்கவேண்டிய மாதத்தில் அன்று ஒரு இலைகூட ஆடவில்லை. புளியந்தோப்பில் இரண்டு வரிசையாக வாழையிலை போடப்பட்டிருந்தது. ஒரு வரிசையில் தாழையேந்தல்காரர்கள் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் ஆள் கிடையாது, இலைகள் மட்டும். அரசர் பல்லக்கில் வந்து இறங்கினார். தோப்புச் சோற்றைத் தொடப் பயந்து, அரண்மனை அடுக்களையிலிருந்து தன் பொன் தட்டில் சோறு கொண்டுவந்திருந்தார். பின்னால் அனந்தகீர்த்தி நின்றார்.

உச்சி வெயில் நேர் மேலே வந்ததும் காத்தாயி எழுந்தாள். எதிரே இருந்த முதல் இலையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏ கருத்தப்பாண்டி, வா மாமா, உக்காரு.”

பாதையின் புழுதியில் ஒரு ஈரக் காலடி விழுந்தது. அடுத்தது. அடுத்தது. இலைக்குப் பின்னால் வந்து நின்றது. சோற்றில் விரல்கள் பதிந்தன.

“பூவாயி அக்கா. சுடலி மதினி. ஏ ராக்கு, உம் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா.”

ஒவ்வொரு பெயருக்கும் காலடிகள் வந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோறு குறையும் ஓசைகூடக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். பிறகு, காற்றே வீசாத அந்தத் தோப்பில், எதிர் வரிசையின் முதல் இலை மெல்ல எழுந்து மடிந்தது. இழவு வீட்டில் உண்டவர்கள் இலையை வெளிப்பக்கமாக மடிப்பார்கள். மறுபடி உறவு வேண்டும் என்று நினைக்கிற வீட்டில்தான் உள்பக்கமாக மடிப்பார்கள். அந்த இலை உள்பக்கமாக மடிந்தது. அடுத்த இலை. அதற்கடுத்த இலை.

“இலையை மூடுவது போதும் என்று சொல்வதுதான், பிரபு” என்றான் சொக்கட்டான் மெதுவாக.

“காதால் கேட்க வேண்டும் என்பது ஆணை” என்றார் அனந்தகீர்த்தி. அவர் குரல் நடுங்கினாலும் பொறாமை நடுங்கவில்லை. “அதோ, கடைசி இலை மூடவே இல்— இன்னும் திறந்திருக்கிறது!”

உண்மைதான். கடைசியில் ஒரு சின்ன இலை. அதில் வைத்த சோறு தீர்ந்திருந்தது. காத்தாயி மறுபடி வைத்தாள். தீர்ந்தது. மறுபடி வைத்தாள்.

“இது யார்?” என்று அரசர் கேட்டார்.

“பேரு வைக்கலைங்க மகாராசா. அதுக்குள்ள கண்மாய் உடைஞ்சிருச்சு. பேரு சொல்லிக் கூப்பிட முடியல. அதுவா வந்திருக்கு.”

“இன்னும் சோறு வையுங்கள்!”

காத்தாயி பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். “பானை நிறைஞ்சிருக்கு, மகாராசா.”

அந்தச் சொல்லை அரசர் இப்போதுதான் கேட்டார். உப்பரிகையிலிருந்து கேட்ட அன்று அது வெறும் மங்கலமாக இருந்தது. அவர் முகம் வெளுத்தது. “களஞ்சியத்தைத் திற! களஞ்சியத்தைப் பற்றிய ஆணையை நானே தள்ளுகிறேன். அனந்தகீர்த்தி, அரிசி கொண்டுவா!”

அனந்தகீர்த்தி அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “களஞ்சியம்… நிறைந்திருக்கிறது, பிரபு.”

எல்லாவற்றையும் எப்போதோ கடல்கடந்த வணிகர்களுக்கு விற்றுவிட்டிருந்தார். சட்டப்படி, தினமும் காலையில் அவர் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது.

சின்ன இலை திறந்தே கிடந்தது. அரசர் தன் பொன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் முன் மண்ணில் மண்டியிட்டார். சோற்றை அள்ளி வைத்தார். அது அப்படியே இருந்தது.

“பிள்ளைச் சோறுங்க. உருட்டி வைக்கணும்” என்றாள் காத்தாயி.

அரசருக்கு உருட்டத் தெரியவில்லை. முதல் உருண்டை உதிர்ந்தது. இரண்டாவது சப்பையாயிற்று. மூன்றாவதை வைத்ததும் அது காணாமல் போனது. அவர் உருட்டினார், வைத்தார், உருட்டினார். தட்டு தீரும்போது, மிக அருகில், காது மடலில் ஈரம் படுவதுபோல ஒரு சின்னக் குரல் கேட்டது.

“போதும்.”

இலை மடிந்தது. பெரியவர்கள் மடித்ததுபோல் நேராக மடியாமல், கோணலாக மடிந்தது.

அரசரின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. தாழையேந்தல்காரர்கள் எழுந்து வந்து அரசரை வணங்கினார்கள். “போ…” என்று தொடங்கிய அரசர் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். “இருங்கள். இங்கேயே இருங்கள். உங்களுக்கு நிலம் தருகிறேன்.”

அடுத்து அவர் அனந்தகீர்த்தியின் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. கை தெற்கு வாசலைச் சுட்டியது. “போய் வ—”

“பிரபு, பிரபு!” என்று சொக்கட்டான் குறுக்கே விழுந்தான். “அப்படிச் சொல்லி அனுப்பாதீர்கள். இவரும் வந்துவிடுவார்! இவர் பிடி பெரிய பிடி. நாடு தாங்காது!”

அரசர் வெடித்துச் சிரித்தார். தோப்பு முழுவதும் சிரித்தது. அனந்தகீர்த்தியைக் காத்தாயியின் அடுப்புக்கு விறகு பிளக்கச் சொல்லி ஒப்படைத்தார்கள். பிறகு அரசர் தன் பட்டுச் சால்வையைச் சொக்கட்டானுக்குப் போர்த்தி, களஞ்சியத்தின் சாவிக் கொத்தை அவன் கையில் வைத்தார்.

“இனி நீதான் களஞ்சிய அதிகாரி. உள்ளே ஒரு எலிகூடக் கிடையாது. உன் பல்லாங்குழியாலும் பாகவதராலும் நிரப்பிக்கொள். வேறு என்ன வேண்டும், கேள்.”

“ஒரு சொல் வேண்டும், பிரபு. தாங்கள் பூட்டி வைத்திருப்பதில் ஒன்று. இன்று மட்டும் தந்தால் போதாது. எல்லோருக்கும், என்றைக்கும்.”

“எந்தச் சொல்?”

சொக்கட்டான் சுற்றிலும் பார்த்தான். மூச்சை இழுத்துக்கொண்டான்.

“பசிக்கிறது.”

எல்லோரும் நடுங்கி வானத்தைப் பார்த்தார்கள். வானம் விழவில்லை. புளியமரத்தில் ஒரு காகம் மட்டும் கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது.

“காலையிலிருந்து ஊருக்கெல்லாம் இலை போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் போடத்தான் ஆள் கிடையாது, பிரபு. பசி உயிர் போகிறது.”

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று காத்தாயியின் காலிப் பானைக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, சிரிப்பை நிறுத்தவும் இல்லை.

“சிரித்தது போதும், பிரபு” என்றான் சொக்கட்டான். “சோறு போடச் சொல்லுங்கள்.”